கந்தசாமிக்கு ஐந்து நாள் கரண்ட்

1982 ஜூலை 14, புதன்

இன்று முதல் தமிழில் டயரி. என் ஆசையில்லை, அப்பா விதித்த தண்டனை.

நேற்றுச் சாயங்காலம் வழக்கம்போல் லோட்ஷெடிங். கல்கத்தா லேக் கார்டன்ஸில் எங்கள் சந்து முழுக்க விசிறியும் கையுமாக வாசலில் உட்கார்ந்திருந்தது. கரண்ட் திரும்பி வந்தால் இங்கே பிள்ளைகள் "எஷே கேச்சே!" என்று கத்துவார்கள். வந்தாச்சு என்று அர்த்தம். நான் மொட்டைமாடியிலிருந்து கத்தினேன், கரண்ட் வராமலே. சந்து மொத்தமும் உள்ளே ஓடி ஸ்விட்சைத் தட்டிப் பார்த்துவிட்டு, இருட்டில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு வெளியே வந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கத்தினேன். மறுபடி ஓடினார்கள். அப்புறமும் கத்தினேன். அந்தத் தடவை ஓடியவர் ஒரே ஒருவர். என் அப்பா, டாக்டர் திருவேங்கடம், விஞ்ஞானி.

"பொய்யை இத்தனை சுத்தமா வங்காளத்துல கத்த வரதே, தமிழ்ல நாலு வரி உண்மை எழுத வருமாடீ பாகீரதி?" என்றார். ஆகவே டயரி. யாரும் படிக்க மாட்டோம் என்று அப்பாவும் அம்மாவும் சத்தியம் செய்திருக்கிறார்கள்.

தண்டனை என்பது சாக்கு. நிஜக் காரணத்தை அம்மாதான் சொன்னாள். டிசம்பரில் தில்லியிலிருந்து கமிட்டி வருகிறது. அப்பாவின் கந்தக பாட்டரி அவர்களுக்குப் பிடித்தால் இன்னும் மூன்று வருஷம் கல்கத்தா. பிடிக்காவிட்டால் அப்பாவைத் தெற்கே வேறொரு ஆய்வுக்கூடத்துக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே பள்ளிக்கூடத்தில் தமிழ் எழுத வேண்டும். அந்த ஊர்ப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் வந்துவிடும்.

ஜூலை 18, ஞாயிறு

டயரியே, உனக்கு விஞ்ஞானம் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால் சாப்பிடும்போது அப்பா வேறெதுவும் பேசுவதில்லை என்பதால் ரசம் சாதத்தோடு கொஞ்சம் உள்ளே போயிருக்கிறது.

பாட்டரிக்குள் இரண்டு வீடு. ஒன்றில் லித்தியம் என்கிற உலோகத் தகடு. எதிர்வீட்டில் கந்தகம், அதைத்தான் காத்தோடு என்கிறார் அப்பா. நடுவில் ஒரு திரவம், தெரு மாதிரி. லித்தியத்துக்கு லலிதா என்றும் கந்தகத்துக்குக் கந்தசாமி என்றும் பெயர் வைத்திருக்கிறேன். லலிதா புக்ககம் போகும்போது நமக்கு விளக்கு எரிகிறது. நாம் கரண்ட் கொடுத்து சார்ஜ் செய்தால் பிறந்தகம் திரும்புகிறாள். எத்தனை தடவை போய்வருகிறாளோ அதுதான் பாட்டரியின் ஆயுசு.

கஷ்டம் எல்லாம் கந்தசாமியால். ஆள் மலிவு, லேசு, ஏகப்பட்ட சக்தியைத் தாங்குவான். கார்களில் இருக்கிற ஈய பாட்டரி அவன் பக்கத்தில் நிற்க முடியாதாம். ஆனால் வீட்டில் தங்க மாட்டான். லலிதா வந்தாளோ இல்லையோ, கரைந்து, தெருவில் இறங்கி, நேரே மாமியார் வீட்டில் போய் உட்கார்ந்துவிடுவான். அங்கே கை நனைத்துவிட்டுத் திரும்புவான்; மறுபடி போவான். இப்படி அலைவதால் சார்ஜ் ஏறுகிறது, ஏறுகிறது, ஏறிக்கொண்டே இருக்கிறது, முடிகிற பாடில்லை. எங்கள் மெட்ராஸ் பட்டாபி அத்தானைப் போல. எத்தனை அடை போட்டாலும் உள்ளே போகும், உடம்பில் ஒட்டாது. நாளடைவில் லலிதா வீடும் அரித்துப்போய் பாட்டரி செத்துவிடும்.

கந்தசாமியை வீட்டோடு இருக்க வைப்பது எப்படி? இதுதான் ஏழு வருஷமாக அப்பாவின் உத்தியோகம்.

இந்தக் கதையை அம்மாவிடம் சொன்னேன். "கந்தசாமியா? நம்மாத்துல பெருமாள் பேர் ஒண்ணு கிடைக்கலையோ நோக்கு?" என்றாள். மற்றதெல்லாம் அவளுக்கு நியாயமாகவே பட்டது.

ஜூலை 30, வெள்ளி

ஆய்வுக்கூடத்தில் கந்தக பாட்டரி இருந்த கண்ணாடிக் குப்பி ஒன்று உடைந்து மழைக்காற்றுப் பட்டுவிட்டதாம். அப்பா தெருமுனையில் திரும்பும்போதே தெரிந்துவிட்டது. அழுகின முட்டை நாற்றம். வெங்காயத்தையே நாள் பார்த்து வாங்குகிற வீட்டுக்கு!

"ஏன்னா, அப்படியே பின்பக்கமா குழாயடிக்குப் போயிடுங்கோ. குளிக்காம உள்ள கால் வைக்கப்படாது" என்று அம்மா சமையலறையிலிருந்தே கட்டளை. முகம்கூடப் பார்க்கவில்லை.

மாடி வீட்டு மாஷிமா (மாமியை இங்கே அப்படித்தான் கூப்பிட வேண்டும்) ஜன்னலைத் திறந்து, "ஓ மா! கடைசியில நீங்களும் முட்டை சாப்பிட ஆரம்பிச்சுட்டீங்களா? ரொம்ப நல்லது, உடம்புக்கு பலம்" என்று வாழ்த்தினாள். ஆமாம், டஜன் கணக்கில் என்றேன். அப்பாவின் வயிறு அதனால்தான் அப்படி என்றும் சொன்னேன். மாஷிமா நம்பிவிட்டாள். நாளைக்கு முட்டைக் குழம்பு வந்தால் நான் வீட்டில் இல்லை.

ஆகஸ்ட் 9, திங்கள்

"மணி என்னம்மா?"

"நேக்கென்ன தெரியும்? என் கடியாரம் வேலைக்குன்னா போயிருக்கு."

போன வருஷத்திலிருந்து இந்தப் பதில்தான். அம்மாவின் கல்யாணத்துக்குச் சீராக வந்த சுவர்க் கடிகாரத்தை அப்பா ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டார். அங்கே இருந்த டைமர் கரண்டில் ஓடுவது. கரண்ட் போனால் அதுவும் நின்று, எப்போது சார்ஜை நிறுத்த வேண்டும் என்ற கணக்கே குழம்பிப்போகும். சீர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தால் ஒரு வாரத்துக்கு மேல் ஓடும். அதன் முள் ஒரு பித்தளைத் துண்டைத் தொட்டால் சார்ஜ் ஆரம்பம். இன்னொன்றைத் தொட்டால் நிறுத்தம். கரண்ட் போனாலும் கடிகாரம் நிற்காது. லோட்ஷெடிங்கையே ஜெயித்துவிட்டதாக அப்பாவுக்குப் பெருமை.

சுவரில் கடிகாரம் இருந்த இடத்தில் ஓர் ஆணி. அதில் இப்போது காலண்டர்கூட மாட்ட விடமாட்டேன் என்கிறாள் அம்மா. அது கடிகாரத்தின் ஆணியாம்.

செப்டம்பர் 12, ஞாயிறு

நல்ல செய்தி! கந்தசாமி வீட்டில் தங்கிவிட்டான்!

அப்பாவிடம் ஆராய்ச்சி செய்கிற ஷெஃபாலி தி (தி என்றால் அக்கா) சந்தேஷ் இனிப்புப் பெட்டியோடு வந்தாள். கதையை அவளே வங்காளத்தில் சொன்னாள், நான் தமிழில் எழுதுகிறேன். முன்பெல்லாம் கந்தகத்தைச் சாதாரணக் கரிப்பொடியோடு கலந்து அழுத்திவிடுவார்களாம். திறந்த வீடு, ஆள் ஓடிவிடுவான். ஏப்ரலிலிருந்து கொட்டாங்கச்சிக் கரி. அதில் கண்ணுக்குத் தெரியாத பொந்துகள் நிறைய. கந்தகத்தை உருக்கி அந்தப் பொந்துகளுக்குள் இறக்கிவிட்டார்கள். பழைய காத்தோடு பத்துத் தடவை போய்வருவதற்குள் படுத்துவிட்டது. இது நாற்பதைத் தாண்டியும் ஓடுகிறது.

"கொஞ்சம் குறைச்சலாத்தான் குடுக்குது. ஆனா நாளுக்கு நாள் இறங்கல, அப்படியே நிக்குது" என்றாள் ஷெஃபாலி தி. சொல்லும்போது கண் பளபளத்தது. அவள் டாக்டர் பட்டமும் கந்தசாமி கையில்தான்.

அப்பா இரண்டு சந்தேஷ் சாப்பிட்டார். மூன்றாவது எடுக்கும்போது அம்மா பார்த்தாள், வைத்துவிட்டார். நான் எடுத்துக்கொண்டேன். மூன்று வருஷம்! இங்கேயே பள்ளி முடிப்பேன், காலேஜும் இங்கேதான். தெற்கத்தி ஊரே, போய் வா.

செப்டம்பர் 25, சனி

லேக் ஓரம் நின்றிருந்த மூன்று பேர் நனைந்தார்கள். நான் நனையவில்லை. மேற்கொண்டு விவரம் வேண்டாம்.

அக்டோபர் 22, வெள்ளி

நாளையிலிருந்து துர்க்கா பூஜை விடுமுறை. அப்பாவின் ஆய்வுக்கூடத்தை மூடிவிடுவார்கள். வீட்டில் கொலுவும் வாசலில் பந்தலுமாக எனக்கு இரண்டு பக்கமும் தின்பண்டம்.

சாப்பாட்டில் சின்னச் சண்டை.

"சரஸ்வதி பூஜைக்கு எல்லாத்துக்கும் ஓய்வு குடுக்கணும். என் கடியாரத்துக்கும் அந்தக் கந்தசாமிக்கும் ஒரு நாள் லீவு விடுங்கோளேன்" என்றாள் அம்மா.

"ஓடிண்டிருக்கறதை நடுவுல நிறுத்தப்படாது, அனந்தம்."

"மனுஷாளுக்கே லீவு விட்டாச்சு."

"அவன் மனுஷன் இல்லையே."

அம்மாவுக்கு அது மட்டும் ஒப்பவில்லை. நான் கதை சொல்லி அவளைக் கெடுத்துவிட்டேன். அப்பா போய்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து, அறையைப் பூட்டிவிட்டு வந்தார்.

அக்டோபர் 24, ஞாயிறு. சப்தமி

பந்தலில் மைக் வைத்திருப்பது போலா-தா, அதாவது போலா அண்ணா. சந்துமுனையில் மைக் செட் கடை. என் சிநேகிதர். தேநீர் குடிக்கப் போன நேரத்தில் மைக்கை என்னிடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பார்த்துக்கொண்டேன்.

"ஓர் அறிவிப்பு. திருவேங்கடம் என்ற அப்பா காணாமல் போய்விட்டார். உயரம் நடுத்தரம். வழுக்கை நடுவாந்தரம். அழுகின முட்டை வாசனை அடிக்கும். கண்டுபிடிப்பவர்கள் குளிக்க வைத்துக் கொண்டுவந்து ஒப்படைக்கவும்." இதை வங்காளத்தில், வானொலி செய்தி வாசிக்கிற குரலில்.

பந்தலே சிரித்தது. அப்பா கூட்டத்துக்கு நடுவில் கையைத் தூக்கி, "இங்கே இருக்கேன், குளிச்சாச்சு" என்று வங்காளத்தில் கத்தினார்! என் அப்பாவைப் போல ஒரு—சரி, யாரும் படிக்க மாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன்—எனக்கு அப்பாவைப் பிடிக்கும்.

அக்டோபர் 28, வியாழன்

கந்தசாமி செத்துப்போனான்.

அப்பா இன்று அறையைத் திறந்து பார்த்தாராம். தேன் நிறத்தில் இருக்க வேண்டிய திரவம் கஷாயம் மாதிரி கருத்துக்கிடந்தது. லலிதாவின் தகடு அரித்துக் கந்தலாகிவிட்டது. போன வருஷப் பூஜையிலும் இதேபோல் ஒரு குப்பி செத்தது. அறை மூடியிருந்ததால் புழுக்கம், பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அப்போது காரணம் சொன்னார்கள்.

"துர்க்கை ஊருக்குப் போகும்போது அவனையும் கூட்டிண்டு போயிட்டா" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்கே சிரிப்பு வரவில்லை.

கமிட்டி வர இன்னும் ஒரு மாதம் சொச்சம்தான். அப்பா மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்து பிசைந்து அது கூழாகிவிட்டது.

அக்டோபர் 31, ஞாயிறு

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். மெதுவாக எழுதுகிறேன்.

விஜயதசமி முடிந்து பெரியவர்களை வணங்குகிற பிஜோயா என்பதால் ஷெஃபாலி தி அப்பா அம்மாவை நமஸ்காரம் செய்ய வந்தாள். அவள் கொண்டுவந்த தேங்காய் உருண்டைகளும் அம்மாவின் சுண்டலும் தட்டில். கந்தசாமியைப் பற்றிப் பேசக்கூடாது என்று எல்லோரும் பொதுவாக ஊர்க்கதை பேசினோம்.

"இந்த வருஷம் பூஜைல அஞ்சு நாளும் ஒரு தடவைகூடக் கரண்ட் போகல பாருங்க, பௌதி. மெழுகுவத்திய எங்க வெச்சேன்னே மறந்துபோச்சு" என்று அம்மாவிடம் சொன்னாள் ஷெஃபாலி தி.

இதில் என்ன அதிசயம்? ஒவ்வொரு பூஜையிலும் அப்படித்தான். வருஷம் முழுக்க இருட்டு, பூஜைக்கு மட்டும் எப்படியாவது கரண்ட். ஊருக்கே தெரியும்.

அப்பாவின் கையில் உருண்டை வாய்க்குப் பாதி தூரத்தில் நின்றது.

"ஷெஃபாலி, சார்ஜ் ஏறிண்டிருக்கும்போது கரண்ட் போனா என்ன ஆகும்?"

"சார்ஜ் நிக்கும், சார்."

"கடிகாரம்?"

"அது ஓடும். அதுக்குத்தானே வெச்சோம்."

"கரண்ட் திரும்பி வந்தப்புறம், போன நேரத்தைக் கடிகாரம் திருப்பிக் குடுக்குமோ?"

ஷெஃபாலி தி தட்டைக் கீழே வைத்தாள். வைத்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

"வரைபடத்துல எங்கயும் இடைவெளி இல்லையே, சார்..." என்று ஆரம்பித்து, தானே நிறுத்திக்கொண்டாள். படம் வரைகிற பேனா மெஷினும் கரண்டில் ஓடுவதுதான். கரண்ட் போனால் காகிதமும் நின்றுவிடும். வந்ததும் விட்ட இடத்திலிருந்து கோடு போடும். நடுவில் ஒன்றுமே நடக்காத மாதிரி.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வெயில் காலத்திலிருந்தே தினமும் கந்தசாமிக்கு அரைவயிறுதான் கிடைத்திருக்கிறது. முழுச் சார்ஜ் என்று கடிகாரம் சொன்னது. ஆனால் கரண்ட் பாதி நேரம் இல்லை. வயிறு நிரம்பி மிஞ்சும்போதுதான் அவன் அதிகமாக ஊர் சுற்றுவான். அரைவயிற்றில் எங்கே சுற்றுவது? வீட்டோடு கிடந்தான். பூஜை வந்தது, ஐந்து நாள் இடைவிடாத விருந்து. போய்ச் சேர்ந்தான்.

ஆக, அவனை வீட்டோடு வைத்திருந்தது கொட்டாங்கச்சிக் கரி இல்லை. லோட்ஷெடிங்!

"பழைய காத்தோடை எந்த மாசம் சோதிச்சோம்?" என்று அப்பா கேட்டார். அவருக்கே தெரியும். இருந்தாலும் கேட்டார்.

"ஜனவரி. பிப்ரவரி."

குளிர்காலம். ஃபேன் ஓடாது, கரண்டும் அதிகம் போகாது. பழையதற்கு முழுச் சாப்பாடு. அதனால் பத்துக்குள் செத்தது. புதியதற்கு அரைச் சாப்பாடு, அதனால் நாற்பது. நாங்கள் எல்லோரும் இருட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே, அந்த இருட்டு கணக்கில் வர வேண்டிய விஷயம் என்று நினைக்கவே இல்லை. மழை பெய்ததையும் காக்கை கத்தியதையும் யார் எழுதி வைக்கிறார்கள்?

"அப்போவே சொன்னேன், ஒரு நாள் லீவு விடுங்கோன்னு" என்றாள் அம்மா.

அப்பா சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. எல்லாமே சிரிப்புத் தண்ணீர்தானா என்று எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் 2, செவ்வாய்

சண்டை. அப்பாவோடு. முதல் தடவையாக நிஜச் சண்டை.

கமிட்டியிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறாராம்! கேட்காததையும் சொல்லப்போகிறாராம்!

"ஏம்ப்பா சொல்லணும்? இன்னொரு குப்பி பண்ணு. தினம் கரண்ட் போறது. அது நன்னா ஓடும். அவா வந்து பார்ப்பா, நாற்பது தடவைன்னு எழுதிண்டு போவா. நீ ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம். சும்மா இரு. போறும்."

"அவா தில்லிக்குக் கொண்டுபோய் ஓட்டினா?"

"அங்கயும் கரண்ட் போகட்டும்!"

"பாகி, அஞ்சு நாள் நல்ல கரண்ட் வந்தா செத்துப்போற பாட்டரியை யார் கையில குடுக்கறது?"

"யார் கையில வேணா குடு! எனக்கென்ன? நான் இங்கதான் பொறந்தேன். எனக்கு அந்த ஊர்ல யாரைத் தெரியும்? நீ நல்லவன்னு பேர் வாங்கறதுக்கு நான் போகணுமா?"

அப்பா கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தேவலை. இனி அவரோடு பேசப்போவதில்லை.

நவம்பர் 5, வெள்ளி

பேசவில்லை. "அப்பாவிடம் உப்பைத் தள்ளச் சொல்லு" என்று அம்மாவிடம் சொல்கிறேன். அம்மா நடுவில் தெரு மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்.

நவம்பர் 10, புதன்

இன்னும் பேசவில்லை. ஆனால் காது திறந்துதான் இருக்கிறது.

அப்பா நான்கு குப்பி கட்டுகிறார். பழைய காத்தோடில் இரண்டு, புதியதில் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒன்றுக்கு முழுச் சார்ஜ், ஒன்றுக்கு வேண்டுமென்றே அரைச் சார்ஜ். எல்லாம் ஒரே நேரத்தில், பக்கத்துப் பக்கத்தில். ஒரு சிக்கல். முழுச் சார்ஜ் என்றால் கரண்ட் நிற்காமல் வர வேண்டும். அது அடுத்த பூஜைக்குத்தான் வரும்! ஆகவே கரண்ட் போகும்போது கைகொடுக்க இரண்டு லாரி பாட்டரி வேண்டும். மைக் செட் கடையில் இருக்கும்.

"போலா-தாவை யாருக்குப் பழக்கமோ அவா கேட்டுச் சொல்லட்டும்" என்றார் சுவரைப் பார்த்து.

சுவரில் ஆணி மட்டும் இருந்தது. ஆணி பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

நவம்பர் 17, புதன்

காளி பூஜை முடிந்ததும் போலா-தாவிடம் போனேன். அப்பாவுக்காக இல்லை. அம்மா சொன்னாள் என்று.

"நாலு இருக்கு. எது வேணுமோ எடுத்துக்கோ. எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு ஒயர் சுற்றப் போய்விட்டார்.

எல்லாம் ஒன்று இல்லை. எனக்குத் தெரியும். கரண்ட் இல்லாத சாயங்காலங்களில் கடை மைக்கைப் பிடித்துக் கத்துகிறவள் நான்தான். கதவோரம் இருக்கிற இரண்டும் கிழங்கள். பாட்டு பாதியில் இழுக்க ஆரம்பித்துவிடும். உட்புறம் இருப்பவைதான் நல்லவை. கிழங்களைக் கொடுத்தால் லோட்ஷெடிங்கில் கொஞ்ச நேரத்தில் படுத்துவிடும். சார்ஜ் நடுவில் நின்றுபோகும். யாருக்கும் தெரியாது. முழுச் சாப்பாடு என்று நினைத்துக்கொண்டு கந்தசாமிக்கு அரைவயிறுதான் போடுவார்கள். அவன் பிழைப்பான். அப்பா தான் நினைத்தது தப்பு என்று நினைப்பார். நாங்கள் இங்கேயே இருப்போம்.

என் வாழ்க்கையில் இதைவிடச் சுலபமான குறும்பு கிடைத்ததில்லை. ரிக்ஷா நாளைக் காலையில் வரும்.

நவம்பர் 18, வியாழன்

உட்புறத்தில் இருந்த இரண்டையும் ஏற்றி அனுப்பினேன். ஏன் என்று கேட்காதே.

நவம்பர் 29, திங்கள்

முழுச் சாப்பாட்டுக் குப்பிகள் இரண்டும் செத்தன. பழையது முதலில், புதியது கொஞ்ச நாள் தாக்குப்பிடித்து அப்புறம். அரைச் சாப்பாட்டுக் குப்பிகள் இரண்டும் நிம்மதியாக ஓடுகின்றன. புதியது கொஞ்சம் கூடக் கொடுக்கிறது. கொஞ்சம்தான்.

அப்பா சந்தோஷமாக வீட்டுக்கு வந்தார்! இதை நான் எங்கே போய்ச் சொல்வது? தோற்றுவிட்டு விசிலடித்துக்கொண்டு வருகிறார். "கரி கொஞ்சம் உதவறது. வயத்தை ரொப்பாம விடறது நிறைய உதவறது. இப்போதான் எது எதுன்னு தெரியறது" என்று அம்மாவிடம் சொன்னார். பிறகு சுவரைப் பார்த்து, "பாட்டரி ரெண்டும் ஒரு தடவைகூட மக்கர் பண்ணலை. நல்லதாப் பார்த்து எடுத்தவா யாரோ" என்றார்.

"நான்தான்" என்றேன்.

பேசிவிட்டேன் என்பது பேசின பிறகுதான் தெரிந்தது.

டிசம்பர் 8, புதன்

கமிட்டி வந்து போனது. ஷெஃபாலி தி நேரே இங்கே வந்து ஒவ்வொருவராக நடித்துக் காட்டினாள்.

அப்பா சீர்க் கடிகாரத்தை மேஜைமேல் வைத்துக்கொண்டு முதலிலிருந்து சொன்னாராம், பூஜை உட்பட. கமிட்டியில் ஒருவர், "அப்படியானால் உங்கள் காத்தோடைவிட உங்கள் ஊர் இருட்டு நன்றாக வேலை செய்திருக்கிறது" என்றாராம். எல்லோரும் சிரித்தார்களாம். அப்பாவும். இன்னொருவர் மட்டும் சிரிக்காமல் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை நீங்கள் சொல்லாவிட்டால் எங்களுக்குத் தெரிந்திருக்காது" என்றாராம்.

முடிவு: மார்ச்சோடு கந்தக ஆராய்ச்சிக்கு முற்றுப்புள்ளி. அரைச் சார்ஜ் விஷயத்தை வைத்து ஷெஃபாலி தி பட்டத்துக்கு எழுதலாம். அவள் சொல்லும்போது அழுதாள். நல்ல செய்திக்கா கெட்ட செய்திக்கா என்று கேட்டேன். "ரெண்டுக்கும், போ" என்று தலையில் தட்டினாள்.

டிசம்பர் 9, வியாழன்

எழுதாமலே வந்துவிட்டது அந்த ஊர்.

1983 மே 3, செவ்வாய்

நாளை ஹௌராவில் ரயில். வீடு முழுக்க மூட்டை. கடிகாரம் அம்மாவின் புடவைகளுக்கு நடுவில்.

சாயங்காலம் கரண்ட் போயிற்று. இருட்டில் என் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று வாசலில், "எஷே கேச்சே!" பாய்ந்து போய் ஸ்விட்சைத் தட்டினேன். எரியவில்லை. மறுபடி தட்டினேன். எரியவில்லை. வெளியே எட்டிப் பார்த்தால் சந்து மொத்தமும் இருட்டில் நின்று சிரிக்கிறது. மாடி மாஷிமா, போலா-தா, ஷெஃபாலி தி, லேக்கில் நனைந்த மூன்று பேர். எல்லோருமாகச் சேர்ந்து கத்தியிருக்கிறார்கள். எனக்காக.

நடுவில் அப்பா. சொல்லிக்கொடுத்ததே அவராகத்தான் இருக்க வேண்டும்.

இருட்டாக இருந்தது நல்லதாயிற்று. முகம் தெரியவில்லை.

ஜூன் 20, திங்கள்

புது ஊர். கரண்ட் அநேகமாகப் போவதே இல்லை. சாயங்காலங்களில் எல்லோரும் அவரவர் வீட்டுக்குள் இருக்கிறார்கள். நான் தமிழ் பேசினால் வங்காளி என்று சிரிக்கிறார்கள். போலா-தா கேட்டால் உருண்டு புரள்வார்.

அப்பாவுக்கு இங்கே உலோக முலாம் பூசுகிற பிரிவு. காலையில் போகிறார், மாலையில் வருகிறார். சட்டையில் ஒரு வாசனையும் இல்லை. கூடத்தில் சீர்க் கடிகாரம் மணிக்கு மணி அடிக்கிறது. அம்மா ஒவ்வொரு அடிக்கும் தலையை ஆட்டிக்கொள்கிறாள். சாப்பிடும்போது அப்பா பேசுவதில்லை.

ஜூலை 9, சனி

பள்ளியில் இன்று ஒரு சின்ன வேலை செய்தேன். மணி அடிக்கும் முன்பே மணி மாதிரி அடித்தேன். மூன்று வகுப்புகள் வெளியே ஓடின. பூங்கோதை என்ற பெண் மட்டும் ஓடாமல் என்னையே பார்த்து, "நீதானே?" என்றாள். சிநேகிதி கிடைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 12, வெள்ளி

பள்ளிவிட்டு வந்து மணி பார்க்கக் கூடத்துக்குப் போனேன். சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

"அம்மா, மணி என்ன?"

அம்மா அரிசி களைந்துகொண்டே, "நேக்கென்ன தெரியும்?" என்றாள். குரலில் கோபம் இருக்கும் என்று பார்த்தேன். இல்லை.

விளக்கேற்றுகிற நேரத்துக்கு அப்பா தெருமுனையில் திரும்பினார். காற்று எங்கள் பக்கம் அடித்தது. அதே அழுகின முட்டை! எதிர்வீட்டில் யாரோ படபடவென்று ஜன்னலைச் சாத்தினார்கள்.

அம்மா உள்ளே இருந்தே, "ஏன்னா, அப்படியே பின்பக்கமா போயிடுங்கோ" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அப்பாவுக்குத் துண்டு எடுத்துண்டு போடீ" என்றாள்.